கோட்டைப்பட்டினம் பஸ்ஸில் கண்ணயர்ந்த பிள்ளை

எழும்பாத பிள்ளை

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்று, காலேஜ் கூட்டம் மொத்தமும் இறங்கிப் போன பிறகும், ஜன்னல் சீட்டில் ஒரு பெண்பிள்ளை மட்டும் சாய்ந்தே கிடந்தது. நான் படியில் நின்று, "கடைசி ஸ்டாப், எறங்குங்க எறங்குங்க" என்று கத்தினேன். அசைவில்லை. பக்கத்தில் போய்க் கம்பியில் தட்டினேன். விசில் ஊதினேன். ம்ஹூம். மடியில் இருந்த கை நழுவித் தொங்கியது.

"ராசேந்திரா, இங்கிட்டு வாய்யா! இந்தப் புள்ள எழும்ப மாட்டேங்குது!"

ராசேந்திரன் என் டிரைவர். எந்த நேரமும் கடுகடுவென்று இருப்பான். ஆனால் ஆபத்து என்றால் முதலில் ஓடி வருவான். வந்து பார்த்தான். "மூச்சு வருதுய்யா. வலிப்பா இருக்குமோ? சாவியக் கையில குடு" என்றான். சாவியைக் கொடுத்தும் பிடிக்கவில்லை. அவனே பாட்டிலைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்தான்.

கண் திறந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கேட்டது:

"அண்ணே, நான் தூங்கிட்டேனா?"

"பின்ன என்ன, டான்ஸா ஆடுன?" பயந்த பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நெசமாவாண்ணே? எங்கேருந்து தூங்குனேன்?"

"மணமேல்குடியில ஏறுனவங்களுக்கு டிக்கெட் போடும்போதே ஒன் தலை ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அந்தப் பிள்ளை சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்ததுதான், அப்படியே அழுகையாகிவிட்டது. பஸ்ஸில் அழுகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பர்ஸைத் தொலைத்தவர்கள், சாவுச் சேதி கேட்டுப் போகிறவர்கள், புருஷனிடம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறவர்கள். தூங்கிவிட்டேனே என்று சந்தோஷத்தில் அழுத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ராசேந்திரன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். டிப்போவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "அண்ணே, அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். பிரேக் டவுன் கதை, சில்லறைச் சண்டை, செக்கிங்கில் மாட்டிய கதை எல்லாம் எழுதலாம். அதெல்லாம் உங்களுக்கே நடக்கும். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் ஆச்சரியம் அடங்காதது இந்தப் பிள்ளையின் தூக்கம்தான். அதனால் அதையே எழுதுகிறேன்.

இறங்காத பிள்ளை

பெயர் அபிநயா. கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை. அப்பா காளிதாஸ் ஜெட்டியில் லோடு ஆட்டோ வைத்திருந்தார்; ஐஸும் மீனும் ஏற்றுவதுதான் பிழைப்பு. பிள்ளை அறந்தாங்கியில் காலேஜில் படித்தது.

அந்த முதல் நாளுக்குப் பிறகு தினமும் நம் வண்டியில் அதே சீட்டில் ஏறி உட்காரும். ஏறிக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். சில நாள் அறந்தாங்கியில் எழுப்பினால் இறங்கிப் போகும். சில நாள் கையெடுத்துக் கும்பிடும். "அண்ணே, ஒரே ஒரு ட்ரிப் கூட வாரேண்ணே. மத்தியானம் கிளாசுக்குப் போயிருவேன்." எழுப்புகிற எனக்கே பாவமாக இருக்கும். கண்ணுக்குக் கீழே மை அப்பினது போல் கருத்துக் கிடக்கும். சரி, இரு என்று விட்டுவிடுவேன். வண்டி கோட்டைப்பட்டினம் போய், திரும்பி அறந்தாங்கி வரும்வரை தூங்கும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் காசில்லாவிட்டாலும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் டிக்கெட் போட்டே ஆகவேண்டும். ஆகையால் அறந்தாங்கியில் வண்டி கிளம்பும்போதே மெஷினில் அதற்கும் ஒரு டிக்கெட்டை அடித்து, பேக்கின் ஜிப்பில் செருகிவிடுவேன்.

ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். கறாரான ஆள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, தூங்குகிற பிள்ளையின் தோளில் தட்டக் கையை நீட்டினார். பக்கத்துச் சீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யா, தட்டாதீங்க. டிக்கெட்டு அந்தா பையில இருக்கு. கண்ணு இருந்தாப் பாத்துக்கிருங்க."

அதுதான் செபஸ்தியம்மா. விடியற்காலையில் மீன் வாங்கி அறந்தாங்கியில் விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு இந்த ட்ரிப்பில் திரும்புகிற மீன்காரம்மா. அந்தம்மா வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அபிநயாவின் தலை ஜன்னல் கம்பியில் மோதாமல் இருக்க, தன் சும்மாட்டுத் துணியை மடித்து இடையில் கொடுத்து வைத்திருந்தது. மீன் வாசம் வீசுகிற துணிதான். அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு பிள்ளை அயர்ந்து தூங்கியது.

இன்ஸ்பெக்டர் டிக்கெட்டை உருவிப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லாத புள்ளையா?" என்றார்.

"தூக்கம் வராத புள்ள" என்றது செபஸ்தியம்மா.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். சும்மாட்டுத் துணி கொஞ்சம் நழுவியிருந்தது. அவரே அதைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். எனக்கு மெமோ கொடுத்தே பழகிய கை அது. அசந்துபோய்விட்டேன்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. நம் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆடும், வேகத்தடையில் ஏறி இறங்கினால் பல்லே கழன்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் எப்படித் தூக்கம் வருகிறது? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வீட்டுல படுத்தா நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுக்கும்ணே. நாளைக்கு செமினார், நாளைக்கு இன்டர்னல்னு ஒண்ணு மேல ஒண்ணா ஓடும். ஒண்ணுமே இல்லாட்டியும் பயமா இருக்கும். அம்மா வந்து தூங்கு தூங்குங்கும். அது சொல்லச் சொல்ல இன்னும் முழிப்பு வரும். அப்பறம் போன எடுத்து நோண்டிக்கிட்டுக் கெடப்பேன்."

"இங்க?"

கொஞ்சம் யோசித்தது. "பஸ்ல யாரும் என்னையத் தூங்கச் சொல்லலண்ணே. நான் ஒண்ணும் செய்ய வேணாம். வண்டி அது பாட்டுக்குப் போகுது."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வருஷமாய் இந்த வண்டியில் நின்றுகொண்டே போயிருக்கிறேன்! இதற்குள் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ராசேந்திரனிடம் சொன்னேன். "கிறுக்குப் புள்ள" என்றான். ஆனால் அன்றிலிருந்து அவன் வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கியதைப் பார்க்கவேண்டுமே! புதுமாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவன் கூட அப்படி ஓட்டமாட்டான்.

சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது ஒரு நாளோடு நின்றது. அன்று அபிநயா தூங்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது. செபஸ்தியம்மா பிள்ளையின் கையைப் பிடித்து, "என்னடி, சாப்ட்டியா?" என்று கேட்டது.

"சோறு எறங்கல பெரியம்மா. காலையில கண்ணு முழிக்கவே பிடிக்கல. இருந்து என்னத்துக்குன்னு இருக்கு."

டிக்கெட் மெஷினைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. செபஸ்தியம்மாதான் சுதாரித்தது. கையை விடவில்லை.

"எம் மயன் வெளிநாட்டுலேருந்து வந்து இப்பிடித்தான் கெடந்தான். மந்திரிச்சேன், கயிறு கட்டுனேன், கோயில் கோயிலா அலைஞ்சேன். கடைசியில பெரியாஸ்பத்திரியில மனசு டாக்டர்ட்ட காட்டித்தான் தேறுனான். இப்ப கொத்தனார் வேல பாக்குறான், நல்லா இருக்கான். ஒங்க அப்பன்கிட்ட நான் பேசுறேன்."

"அய்யோ, வேணாம் பெரியம்மா! வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. நான் ராத்திரி போன வச்சுக்கிட்டு இருக்குறதப் பாத்துட்டு, எவனையோ லவ் பண்றேன்னு நெனச்சுத்தான் அப்பா அவசரமா மாப்ள பாக்குறாரு. காலேஜுக்கு ஒழுங்காப் போகலேன்னும் தெரிஞ்சா, அன்னைக்கே படிப்ப நிப்பாட்டிருவாரு."

இதுதான் நிலைமை. தூக்கம் கெட்ட ஒரு பிள்ளை, இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளை. அதற்கு வைத்தியமாக வீட்டில் தாலி தயாராகிறது. அதட்டிக் கேட்கவும் முடியாது, நாங்கள் யார்? பஸ் கண்டக்டரும் மீன்காரம்மாவும். இருந்தாலும் சொல்லாமல் இருப்பது தப்பு என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். மறுநாள் காலை டூட்டிக்கு முன்னால் ஜெட்டிக்குப் போய் காளிதாஸைப் பார்த்தேன். "லோடு நிக்குதுண்ணே, அப்பறம் பேசுவோம்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

குறுக்கே நின்ற லோடு ஆட்டோ

நான் திரும்பப் பேசுவதற்குள் அவர் காதுக்கு வேறு செய்தி போய்விட்டது. கோட்டைப்பட்டினத்தில் நாங்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருந்தபோது, அபிநயா சீட்டில் தூங்குவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர் சும்மா இருப்பாரா? "ஒங்க மக காலேஜுக்குப் போகல. அந்த பஸ்லயே சுத்துது. பஸ்காரனுங்க வேற சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறானுங்க" என்று போய் ஓதியிருக்கிறார்.

அதே நாள், திரும்புகிற ட்ரிப். மணமேல்குடி தாண்டிக் கொஞ்ச தூரம். ராசேந்திரன் சடாரென்று பிரேக் போட்டான். ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ குறுக்கே நின்றது. அதிலிருந்து காளிதாஸ் குதித்து இறங்கினார். லுங்கியில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஐஸ் உடைக்கிற கட்டையோடு படியேறினார்.

"எங்கடா அவன்?"

"எவன்ங்க?" என்றேன்.

"எம் மகளக் கூட்டிக்கிட்டுச் சுத்துறவன்! நீயா, டிரைவரா?"

ராசேந்திரன் சீட்டில் இருந்தபடியே திரும்பினான். "யோவ், எனக்குப் பேத்தி பொறந்து காதும் குத்தியாச்சு. மொதல்ல ஆட்டோவ எடு."

வேறு நேரமாக இருந்தால் பஸ்ஸே சிரித்திருக்கும். கட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. காளிதாஸ் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு பின்னால் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஜன்னல் சீட்டுக்கு அருகில் செபஸ்தியம்மா கையை நீட்டி மறித்தது.

"கத்தாதய்யா. புள்ள தூங்குது."

அவர் நின்றார். அபிநயா சும்மாட்டுத் துணியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மூச்சு சீராக ஏறி இறங்க, தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை கூச்சலிலும் எழும்பவில்லை. பக்கத்தில் எந்தப் பயலும் இல்லை. புத்தகப் பை மட்டும் மடியில் கிடந்தது.

"இவ... தூங்குறாளா?" என்றார். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சண்டைக்கு வந்தவர் குரல் இல்லை அது.

"தூங்கத்தான் இந்த பஸ்ல ஏறுது. ஒன் வீட்டுல இதுக்குத் தூக்கம் வந்து மாசக்கணக்காச்சு. போன்ல பேசுறதுக்கு ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்துக்கிட்டு முழிச்சுக் கெடக்கு. இருக்கவே பிடிக்கலங்குதுய்யா ஒன் மக. தெரியுமா ஒனக்கு?"

காளிதாஸ் கட்டையைக் கீழே வைத்தார். அப்படியே நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் முகத்துக்கு நேராக அவர் முகம். "சின்னப் புள்ளையில இப்பிடித்தாண்ணே வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கும்" என்றார் என்னிடம்.

ரோட்டில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பயணிகளில் ஒருவர் சாவியை வாங்கிப் போய் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தார். வண்டி கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் இறங்கினார்கள். செபஸ்தியம்மா மட்டும், "துணி கெடக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனது. நான் பிள்ளையை எழுப்பப் போனேன்.

"எழுப்பாதீங்கண்ணே" என்றார் காளிதாஸ்.

"வண்டி திரும்ப அறந்தாங்கி போகுதுங்க."

"போகட்டும். நாங்களும் வாரோம். டிக்கெட் குடுங்க."

"புள்ளைக்குக் காசில்ல. ஒங்களுக்குத்தான் உண்டு" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.

அவர் போன் விடாமல் அடித்தது. ஜெட்டியில் மீன் பெட்டிகள் காத்திருக்கின்றன, ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. எடுத்து ஒரே ஒரு தடவை, "வேற வண்டியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அணைத்துப் பையில் போட்டார். லோடு என்றால் பெற்ற தாயைக்கூட அப்புறம் பார்க்கிறேன் என்கிற மனிதர். மகள் தூக்கம் கலையக்கூடாது என்று சீட்டு நுனியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வந்தார். நானும் அந்த ட்ரிப் முழுக்க விசில் ஊதாமல் டிரைவருக்குக் கம்பியைத் தட்டியே வண்டியை எடுத்தேன். நிறுத்தத்தில் ஏறினவர்கள் காரணம் தெரியாமலே மெதுவாகப் பேசினார்கள். ஒரு டவுன் பஸ் அப்படி அமைதியாக ஓடியதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அறந்தாங்கி நெருங்கும்போது அபிநயா விழித்தது. பக்கத்தில் அப்பாவைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டது.

"அப்பா, நான் எவன்கூடவும் சுத்தலப்பா..."

"தெரியும்த்தா."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எதுக்குத்தா பயம்?"

"தெரியலப்பா."

அவருக்கு விளங்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. விளங்காமலே தலையாட்டினார். "சரித்தா. தெரியாட்டிப் பரவால்ல. டாக்டர்ட்ட கேப்போம்" என்றார்.

சத்தமாகச் சொன்ன சேதி

அன்றே அறந்தாங்கி பெரியாஸ்பத்திரியில் விசாரித்திருக்கிறார்கள். மனநல டாக்டர் வருகிற நாள் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறதும் அதே வெள்ளிக்கிழமை. அதுவரை பிள்ளையைத் தனியாக விடவேண்டாம் என்று நர்ஸம்மா சொல்ல, அம்மாக்காரி கூடவே படுத்திருக்கிறது. தூங்கு என்று மட்டும் சொல்லவில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் மகளும் நம் வண்டியில் ஏறினார்கள். காலேஜ் நேரம், வண்டி நிறையக் கூட்டம். மணமேல்குடியில் காளிதாஸ் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. காளிதாஸ் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஐஸ் மெஷின் இரைச்சலில் நின்று காது மந்தம். பஸ்ஸில் ஸ்பீக்கர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, நாங்க கெளம்பிட்டோம்ணே. பூ, பழமெல்லாம் வாங்கியாச்சு."

நமக்குத் தெரியாதா? இந்த மாதிரி நேரத்தில் நம் பக்கம் என்ன சொல்வார்கள்? காய்ச்சல் என்பார்கள், மஞ்சக்காமாலை என்பார்கள், பங்காளி வீட்டில் ஒரு கிழவியைச் சாகடித்துத் தீட்டு என்றுகூடச் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அப்புறம் எங்கே மாப்பிள்ளை? கூடப் பிறந்தவர்களுக்கும் அதே கதிதான்.

காளிதாஸ் மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவர் வழக்கமாகப் பேசுகிற அதே சத்தத்தில் சொன்னார்.

"வர வேணாம்த்தா. புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. மனசு சம்பந்தப்பட்ட நோவு. தூக்கம் இல்ல, பயப்படுது. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். தேறட்டும், படிக்கட்டும். கல்யாணத்த இப்பப் பேச வேணாம்."

பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்டது. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அதில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐஸ் கட்டை தூக்கி வந்த மனிதரா இவர்! போனில் பதிலே இல்லை. கொஞ்ச நேரத்தில் லைன் கட்டானது. அபிநயா அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

கூட்டத்தில் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யார் யார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இரண்டும் நடந்தது.

மருந்து, பேச்சு வைத்தியம் என்று அபிநயாவுக்குப் பல மாதம் ஆனது. இடையில் ஒரு தடவை திரும்பவும் படுத்துவிட்டது. ஒரே நாளில் மந்திரம் போட்டது போல் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் நம் வண்டியில் போய் வந்தார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மணமேல்குடியில் ஓர் அம்மா ஏறியது. பின்னாலேயே ஓங்குதாங்கான ஒரு பையன். தலை நிமிரவே இல்லை. இரண்டு டிக்கெட் போட்டேன். அந்த அம்மா இங்கும் அங்கும் பார்த்துவிட்டு நேராகக் காளிதாஸ் சீட்டுக்குப் போய் நின்றது.

"அண்ணே, நான்தான்ணே. அன்னைக்குப் போன்ல பேசுனேன்ல."

காளிதாஸ் பதறி எழுந்தார். பெண் கேட்டவர்கள் நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பதில் சொல்லாம வச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாதீங்க. எனக்கு வாய் வரலண்ணே" என்றது அந்த அம்மா. "எம் மயனும் தூங்கி வருசக்கணக்காச்சு. சொன்னா யாரு பொண்ணு குடுப்பான்னு மூடி மூடி வச்சிருந்தேன். கல்யாணம் பண்ணுனா சரியாப்போயிரும்னுதான் ஒங்க வீட்டுக்குக் கெளம்புனதே. நீங்க பஸ்ஸுல அம்புட்டுப் பேருக்கு முன்னால சொன்னதக் கேட்டதுக்கப்பறம் எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. அந்த டாக்டர் ரூம எனக்குக் காட்டி விடுங்கண்ணே."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் பார்க்கவேண்டிய பையனும், பார்க்கப்படவேண்டிய பெண்ணும், ஒரே வண்டியில், ஒரே டாக்டரிடம்! இரண்டு வீட்டுக்காரர்களும் மூடி மறைத்து அந்தக் கல்யாணத்தை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். உறக்கம் கெட்ட இரண்டு பிள்ளைகள், ஒரே அறைக்குள், ஒருத்தருக்கொருத்தர் பயந்துகொண்டு.

அபிநயா நகர்ந்து உட்கார்ந்து, "இங்க ஒக்காருங்கத்த" என்றது. பிறகு அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தது. வெட்கமெல்லாம் இல்லை. "மொத மாத்திரை போட்டா ரெண்டு மூணு நா தலை கிறுகிறுங்கும். பயந்துறாதீங்க. டாக்டர்ட்ட சொன்னாப் போதும்" என்றது.

அந்தப் பையன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. எல்லாக் கதையையும் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? அவன் இப்போது வேலைக்குப் போகிறான். அபிநயா படிப்பை முடித்துவிட்டது.

புதிதாக வந்த கண்டக்டர் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வண்டியில் ஒரு பிள்ளை தூங்கினால் பேச்சைக் குறைத்து, மெதுவாக எழுப்புங்கள். இருக்கவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் கேலி பண்ணாதீர்கள், அதைத் தனியாக விடாதீர்கள், வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆஸ்பத்திரிக்கு எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால், எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகவே பதில் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இன்னொருத்தர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார்.